அமெரிக்காவின் முதல் சிவப்புப் பீதி, 1917–1920: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், அரசின்மைவாதிகள், தொழிற்சங்கக்காரர்கள் என எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி வேட்டையாடிய காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சட்டமும் நிர்வாக நடைமுறையும் பற்றிய பகுதி சற்று நீளம். பீதி என்பது ஓர் உணர்ச்சி. அது ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் தள்ளியது காகிதங்கள் வழியாகத்தான். அந்தக் காகிதங்களைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

சிவப்புப் பீதி என்றால் மெக்கார்த்தி காலம்தானே?

இல்லை. செனட்டர் மெக்கார்த்தியின் பெயரால் அறியப்படுவது இரண்டாவது பீதி, 1940களின் இறுதியிலும் 1950களிலும் நடந்தது. இங்கே பேசுவது முதல் பீதி. 1917இல் முளைவிட்டு, 1919 பிப்ரவரி முதல் 1920 நடுப்பகுதி வரை உச்சத்தில் இருந்தது.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாமே தவறாகப் புரியும். இரண்டாவது பீதியில் குறிவைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், திரைத்துறையினர். விசுவாச விசாரணையும் வேலை பறிப்பும் அப்போது ஆயுதம். முதல் பீதியின் முதன்மைக் குறி, இன்னும் குடியுரிமை வாங்காத வெளிநாட்டுத் தொழிலாளி: ரஷ்யர், உக்ரேனியர், இத்தாலியர், யூதர், லிதுவேனியர், போலந்துக்காரர். அவர்கள்மேல் எடுத்த ஆயுதம் நாடு கடத்தல்.

கம்யூனிஸ்ட், சோஷலிஸ்ட், அரசின்மைவாதி, ஐ.டபிள்யூ.டபிள்யூ. எல்லாம் ஒன்றா?

அன்றைய செய்தித்தாள்கள் ஒன்றாகத்தான் எழுதின. உண்மையில் இவர்கள் தங்களுக்குள்ளேயே கடுமையாக மோதிக்கொண்டவர்கள்.

சோஷலிஸ்ட் கட்சி தேர்தலில் நின்றது, மேயர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் பெற்றிருந்தது. உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் (ஐ.டபிள்யூ.டபிள்யூ.) 1905இல் சிகாகோவில் தொடங்கியது. சுரங்கம், மரம் வெட்டுதல், அறுவடை வேலைகளில் அலைந்து திரிந்த தொழிலாளிகளைச் சேர்த்தது. தேர்தலைவிட வேலைநிறுத்தத்தையே நம்பியது. கம்யூனிஸ்டுகள் 1919 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்தார்கள். பிரிந்த வேகத்திலேயே அவர்களும் இரண்டாக உடைந்து, சிகாகோவில் சில நாள் இடைவெளியில் இரு கட்சிகளைத் தொடங்கினார்கள். ஒன்று அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி, மற்றது கம்யூனிஸ்ட் லேபர் கட்சி. இந்தப் பிளவு பின்னால் சட்டப்படி பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. அதைக் கீழே சொல்கிறோம்.

அரசின்மைவாதி என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பு தேவை. தமிழில் 'அராஜகம்' என்றால் அட்டூழியம், ஒழுங்கின்மை என்றே பேச்சு வழக்கில் பொருள். ஆகவே 'அராஜகவாதி' என்று எழுதும்போதே தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது. அரசே வேண்டாம் என்ற கொள்கை உடையவர் என்பதுதான் நேர்ப்பொருள். அவர்களில் குண்டு வைத்த சிறு குழுவும் உண்டு, பத்திரிகை நடத்தியதோடு நின்றவர்களும் உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

இந்தப் பயம் 1919இல் திடீரென்று வந்ததா?

வேர் பழையது. 1886 மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் போலீசார் மீது குண்டு வீசப்பட்டது. வீசியவர் யார் என்று நிறுவாமலே எட்டுப் பேர் மீது குற்றம் நிலைநாட்டி, 1887 நவம்பர் 11 அன்று நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 1901 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மெக்கின்லியை பஃபலோ நகரில் லியோன் சோல்கோஷ் சுட்டார். அவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர். ஆனால் அதன் விளைவாக 1903இல் வந்த சட்டமோ வெளிநாட்டு அரசின்மைவாதிகள் நாட்டுக்குள் நுழைவதைத் தடுத்தது. குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம் என்ற இந்தப் போக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

பிறகு 1917 வந்தது. ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது, நவம்பரில் ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். போரை எதிர்ப்பவன் ஜெர்மனியின் கையாள், தொழிற்சங்கக்காரன் ரஷ்யாவின் கையாள் என்று இரண்டு சந்தேகங்களும் ஒன்றாகக் கலந்தன. 1917 ஜூலை 12 அன்று அரிசோனாவின் பிஸ்பீ சுரங்க ஊரில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,200 பேரை ஆயுதம் ஏந்திய கும்பல் ரயில் பெட்டிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டுப் போனது. அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

போர்க்காலச் சட்டங்கள் எவை?

மூன்றை நினைவில் வைத்தால் போதும்.

1917 ஜூனில் வந்த உளவுச் சட்டம், படையில் ஆள் சேர்ப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1918 மே மாதத் தேசத்துரோகப் பேச்சுச் சட்டம் அதற்கு ஒரு திருத்தம். அரசையும் அரசியலமைப்பையும் கொடியையும் சீருடையையும் இழிவாகப் பேசுவதே குற்றம் என்றது. 20 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். மூன்றாவது 1918 அக்டோபர் 16 குடிவரவுச் சட்டம். முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நீதித் துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் பால்மர் 1919–20இல் நடத்திய சோதனைகளுக்கு அடித்தளம் மூன்றாவதுதான். அரசை வன்முறையால் கவிழ்க்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பில் ஒரு வெளிநாட்டவர் உறுப்பினர் என்றாலே போதும், அவரை நாடு கடத்தலாம் என்றது அந்தச் சட்டம். அவர் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, சொல்லியிருக்கக்கூட வேண்டியதில்லை.

1919இல் ஏன் வெடித்தது?

போர் முடிந்ததும் ஆயுத ஒப்பந்தங்கள் ரத்தாயின. லட்சக்கணக்கான வீரர்கள் வேலை தேடி ஊர் திரும்பினார்கள். விலைவாசி போருக்கு முன்பிருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. போர்க்காலத்தில் அடக்கி வைத்திருந்த கூலிக் கோரிக்கைகள் ஒரேயடியாக வெளிவந்தன. அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 3,600 வேலைநிறுத்தங்கள், அவற்றில் 40 லட்சம் தொழிலாளர்கள். பெரும்பாலானவை எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, சங்க அங்கீகாரம் என்ற சாதாரணக் கோரிக்கைகள். ஆனால் முதலாளிகளுக்கு 'போல்ஷெவிக் சதி' என்ற ஒரு சொல் கைக்குக் கிடைத்தது. பேச்சுவார்த்தைக்கே போகாமல் தப்பிக்க அது வசதியாக இருந்தது.

எஃகுத் தொழிலைப் பாருங்கள். 12 மணி நேர ஷிப்ட், ஷிப்ட் மாறும் நாளில் 24 மணி நேரம் தொடர்ந்து வேலை. 1919 செப்டம்பர் 22 அன்று சுமார் 3.5 லட்சம் பேர் வெளியேறினார்கள். 1920 ஜனவரி 8 அன்று எதுவும் கிடைக்காமல் முடிந்தது. 12 மணி நேரம் என்ற பேச்சு காணாமல் போய், 'வெளிநாட்டுச் சிவப்புகள்' என்ற பேச்சுதான் நாடு முழுவதும் ஓடியது.

சியாட்டில் பொது வேலைநிறுத்தத்தில் உண்மையில் என்ன நடந்தது?

கப்பல் கட்டும் தளத்தில் 35,000 பேர் ஜனவரி 21 அன்று கூலிக்காக வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பிப்ரவரி 6 காலை 10 மணிக்கு மற்ற சங்கங்களும் இறங்கின. சுமார் 60,000 பேர். நகரம் நின்றது, ஆனால் பட்டினி கிடக்கவில்லை. சங்கங்களே 35 இடங்களில் குழந்தைகளுக்குப் பால் வழங்கின. உணவுக்கூடங்களில் நாளொன்றுக்கு 30,000 சாப்பாடு வரை போட்டார்கள். மருத்துவமனைத் துணி வெளுப்பதற்கும் குப்பை அள்ளுவதற்கும் விலக்கு அளித்தார்கள். ஆயுதமில்லாத முன்னாள் படைவீரர்கள் தெருக்களைக் காவல் காத்தார்கள். வேலைநிறுத்தம் தொடர்பான வன்முறை ஒன்றுகூட நடக்கவில்லை.

மேயர் ஓலே ஹான்சன் இதைப் புரட்சி முயற்சி என்று அறிவித்து, கூட்டாட்சிப் படையை வரவழைத்தார். பிப்ரவரி 11 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. அதற்குள் தேசியச் சங்கத் தலைமை கைவிரித்துவிட்டிருந்தது. ஆனால் 'புரட்சியை முறியடித்த மேயர்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பதவியை விட்டுவிட்டு, கட்டணச் சொற்பொழிவாளராகக் கிளம்பினார். பீதியைக் கிளப்பினால் பெயரும் பணமும் கிடைக்கும் என்பதை மற்ற அரசியல்வாதிகள் கவனித்தார்கள்.

அப்படியென்றால் ஆபத்து எதுவுமே இல்லையா?

இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. லூயிஜி கலியானி என்ற இத்தாலிய அரசின்மைவாதியைப் பின்பற்றிய சிறு குழு ஒன்று குண்டுகளை அனுப்பியது உண்மை.

1919 ஏப்ரல் இறுதியில், மே நாளுக்குள் போய்ச் சேரும்படி 36 பார்சல்கள் தபாலில் போயின. எல்லாவற்றிலும் நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையிலிருந்து வருவது போன்ற முகவரி. முன்னாள் செனட்டர் ஹார்ட்விக் வீட்டில் பார்சலைப் பிரித்த பணிப்பெண் இரண்டு கைகளையும் இழந்தார். மறுநாள் நியூயார்க் தபால் ஊழியர் ஒருவர் வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும்போது அந்தச் செய்தியைப் படித்தார். தபால்தலை போதவில்லை என்று தானே ஒதுக்கி வைத்த 16 பார்சல்கள் நினைவுக்கு வந்தன. உடனே அலுவலகத்துக்குத் திரும்பினார். 16உம் அங்கேயே இருந்தன.

ஜூன் 2 இரவு எட்டு நகரங்களில் குண்டுகள் வெடித்தன. வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் பால்மரின் வீட்டு வாசலில் வைக்க வந்தவன் தன் குண்டிலேயே சிதறினான். எதிர்வீட்டில் குடியிருந்தவர் அப்போது கடற்படைத் துணைச் செயலராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். தெரு முழுக்க இளஞ்சிவப்புத் துண்டறிக்கைகள் கிடந்தன.

இந்தக் குண்டு வழக்குகளில் ஒருவர்கூட நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. குண்டு வைத்த சில பத்துப் பேரைப் பிடிக்க முடியாத அரசு, குண்டுக்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தது. கம்யூனிஸ்ட் கட்சிகளோ ஜூன் 2 அன்று பிறக்கவே இல்லை.

பால்மர் யார்?

மிட்செல் பால்மர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர். போரை வெறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவினர். குடியரசுத் தலைவர் வில்சன் அவரை 1919 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ஆக்கினார். முதல் மாதங்களில் நிதானமாகவே இருந்தார், போர்க்காலக் கைதிகள் சிலரின் தண்டனையைக் குறைக்கவும் பரிந்துரைத்தார். ஜூன் குண்டு அவரை மாற்றியது. 1920 தேர்தலில் குடியரசுத் தலைவர் வேட்பாளராகும் ஆசையும் கூடவே இருந்தது. வில்சன் 1919 அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்ததால் பால்மரைக் கட்டுப்படுத்தவும் ஆளில்லை.

1919 ஆகஸ்டில் தன் துறையில் தீவிரவாதிகளைக் கண்காணிக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கி, 24 வயது ஜே. எட்கர் ஹூவரைத் தலைவராக்கினார். ஹூவர் முன்பு நாடாளுமன்ற நூலகத்தில் வேலை பார்த்தவர். நூலக அட்டைப் பட்டியல் முறையை அப்படியே எடுத்து ஆட்களுக்குப் பொருத்தினார். ஆளுக்கு ஓர் அட்டை, பத்திரிகைக்கு ஓர் அட்டை, சங்கத்துக்கு ஓர் அட்டை, ஊருக்கு ஓர் அட்டை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்குக் குறிப்பு. விரைவில் அட்டைகள் 2 லட்சத்தைத் தாண்டின.

குற்ற வழக்குப் போடாமல் ஏன் நாடு கடத்தினார்கள்?

இதுதான் மையமான கேள்வி. குற்ற வழக்கு என்றால் ஜூரி வேண்டும், சாட்சியை நிரூபிக்க வேண்டும், வழக்கறிஞர் கொடுக்க வேண்டும். நாடு கடத்தல் தண்டனையே அல்ல, வெறும் நிர்வாக நடவடிக்கை என்று உச்ச நீதிமன்றம் 1893இலேயே சீனக் குடியேறிகள் வழக்கில் சொல்லிவிட்டது. தண்டனை இல்லை என்றால் இந்தப் பாதுகாப்புகளும் இல்லை.

நடைமுறை இப்படி ஓடியது. நீதித் துறையின் புலனாய்வாளர் 'இன்னார் இன்ன கட்சி உறுப்பினர்' என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதுவார். அது தொழிலாளர் துறைக்குப் போகும், ஏனென்றால் குடிவரவு அலுவலகம் அந்தத் துறையின் கீழ் இருந்தது. அங்கிருந்து வாரண்ட் வரும். கைதானவரை ஒரு குடிவரவு ஆய்வாளர் விசாரிப்பார். கேள்வி கேட்பவரும் அவரே, பதிலைப் பதிவுசெய்பவரும் அவரே, பரிந்துரை எழுதுபவரும் அவரே. கோப்பு வாஷிங்டனுக்குப் போய், தொழிலாளர் துறைச் செயலர் கையெழுத்திட்டால் கப்பல்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஆளைப் பிடிக்கும் அதிகாரம் நீதித் துறைக்குச் சட்டப்படி இல்லவே இல்லை, ஆனால் பிடித்தது அவர்கள்தான். வழக்கறிஞர் விஷயம் இன்னும் மோசம். குடிவரவு விதி 22இன்படி, விசாரணையின் தொடக்கத்திலேயே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்ல வேண்டும். 1920 ஜனவரி 2 அன்று நடந்த பெருஞ்சோதனைக்கு இரண்டு நாள் முன்பு, 1919 டிசம்பர் 31 அன்று, இதை மாற்றினார்கள். அரசின் நலனைக் காக்கும் அளவுக்கு விசாரணை நகர்ந்த பிறகு சொன்னால் போதும் என்றாக்கினார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாத தொழிலாளி, வழக்கறிஞர் இல்லாமல், 'நீ கட்சி உறுப்பினரா' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று சொன்னவுடனே கதை முடிந்துவிடும். அதற்காகத்தான் மாற்றினார்கள்.

பியுஃபோர்ட் கப்பல் என்பது என்ன?

1919 நவம்பர் 7, ரஷ்யப் புரட்சியின் இரண்டாம் ஆண்டு நாள். அன்றிரவு ரஷ்யத் தொழிலாளர் ஒன்றியம் என்ற அமைப்பின் கிளைகளில் ஒரே நேரத்தில் சோதனை. நியூயார்க்கின் கிழக்கு 15ஆம் தெருவில் இருந்த ரஷ்ய மக்கள் இல்லத்தில் அப்போது மாலை வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. படிக்கட்டுக் கைப்பிடியை உடைத்தெடுத்த கட்டைகளால் மாணவர்களையும் ஆசிரியரையும் அடித்தார்கள். பலர் மொழி கற்கவும் தொழில் கற்கவும் வந்தவர்கள்.

டிசம்பர் 21 விடியற்காலையில் பியுஃபோர்ட் என்ற பழைய படைக்கப்பல் 249 பேரை ஏற்றிக்கொண்டு நியூயார்க் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. பத்திரிகைகள் 'சோவியத் பேழை' என்று பெயர் வைத்தன. புகழ்பெற்ற அரசின்மைவாதிகளான எம்மா கோல்ட்மனும் அலெக்சாண்டர் பெர்க்மனும் அதில் இருந்தார்கள். கோல்ட்மனுக்குத் திருமணத்தின் வழியே குடியுரிமை இருந்தது. கணவரின் குடியுரிமையை 1909இலேயே ரத்துசெய்து, அதன் மூலம் அவருடையதையும் பறித்து வைத்திருந்தார்கள். கப்பல் ஜனவரி 16 அன்று பின்லாந்தின் ஹாங்கோ துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து ரயிலில் ஏற்றி, காவலோடு ரஷ்ய எல்லையில் விட்டார்கள்.

1920 ஜனவரி 2 சோதனை எப்படித் திட்டமிடப்பட்டது?

கட்சிகளுக்குள் இருந்த ஒற்றர்கள் அன்றிரவு கூட்டம் நடக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று புலனாய்வாளர்களுக்கு ரகசியச் சுற்றறிக்கை போனது. கூட்டம் இருந்தால் பிடிப்பது எளிது. கையில் சுமார் 3,000 வாரண்டுகள். முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள். ஆனால் வாரண்டில் பெயர் இருந்தவர்களை மட்டும் பிடிக்கவில்லை. அரங்கில் இருந்த எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய், பிறகு தந்தியடித்து வாரண்ட் கேட்டார்கள்.

மாசச்சூசெட்ஸின் லின் நகரில் கூட்டுறவு ரொட்டிக்கடை தொடங்குவது பற்றிப் பேசக் கூடியிருந்த 39 பேரைப் பிடித்தார்கள். டெட்ராய்ட்டில் சுமார் 800 பேரைக் கூட்டாட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில், ஜன்னலே இல்லாத குறுகிய நடைவழியில் நாள்கணக்கில் அடைத்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு கழிப்பறை. கல்தரையில் படுக்கை. சாப்பாடு வீட்டிலிருந்து வந்தால் உண்டு. பாஸ்டனில் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துத் தெருவில் நடத்தி, படம் எடுக்கவிட்டு, டீர் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் ஐந்தாம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். ஹார்ட்ஃபோர்டில் கைதிகளைப் பார்க்க வந்த நண்பர்களையும் கைதுசெய்தார்கள். பார்க்க வந்ததே உறுப்பினர் என்பதற்குச் சான்றாம்.

பயங்கரச் சதி என்று சொல்லப்பட்ட இந்த மாபெரும் சோதனையில், ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கிகள் மொத்தம் மூன்று.

யார் இதை நிறுத்தினார்கள்?

லூயிஸ் போஸ்ட். வயது 70, தொழிலாளர் துறையின் துணைச் செயலர். 1920 மார்ச்சில் செயலர் பொறுப்பு தற்காலிகமாக அவர் கைக்கு வந்தது. நாடு கடத்தல் ஆணைகளில் கையெழுத்திடும் அதிகாரமும் அதோடு வந்தது. அவர் செய்தது ஒன்றே ஒன்று: கோப்புகளைப் படித்தார். குடிவரவு அலுவலகம் எழுதிய சுருக்கத்தை நம்பாமல், ஒவ்வொரு கோப்பையும் தானே பிரித்தார்.

அவர் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் எளிமையானவை. இவர் தெரிந்தே சேர்ந்தவரா? சோஷலிஸ்ட் கட்சியின் ரஷ்ய, லிதுவேனிய மொழிக் கிளைகள் மொத்தமாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாறியபோது, பழைய உறுப்பினர் பட்டியலும் அப்படியே மாறியிருந்தது. தான் வேறு கட்சியில் இருப்பதே தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சந்தா கட்டிய அட்டை சோஷலிஸ்ட் கட்சியுடையது, கைது கம்யூனிஸ்ட் என்று. அவர்களை விடுவித்தார். வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதித்து எடுத்த காகிதம் சான்றா? அப்படி எடுத்ததை அரசு பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஜனவரியில் சொல்லியிருந்தது. அதையும் ஒதுக்கினார். வழக்கறிஞர் இல்லாதபோது வாங்கிய வாக்குமூலம் செல்லுமா? செல்லாது என்றார். ஜாமீன் 10,000 டாலர் கேட்ட இடங்களில் குறைத்தார்.

ஏப்ரல் நடுப்பகுதிக்குள் சுமார் 1,600 கோப்புகள் முடிந்தன. பத்தில் ஏழு வாரண்ட் ரத்து.

சட்டத்தை அவர் வளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சியில் தெரிந்தே உறுப்பினரானவரை நாடு கடத்தலாம் என்று தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் வில்சன் ஜனவரியில் முடிவெடுத்திருந்தார். போஸ்ட் அதை விரும்பாவிட்டாலும், சான்று உறுதியாக இருந்த கோப்புகளில் கையெழுத்திட்டார். மே மாதம் அதே செயலர், கம்யூனிஸ்ட் லேபர் கட்சிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே கொள்கை பேசிய இருவரில் ஒருவருக்குக் கப்பல், மற்றவருக்கு விடுதலை. எந்த அணியின் அட்டை பையில் இருந்தது என்பதே வேறுபாடு.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் போஸ்டைப் பதவிநீக்கம் செய்யக் கிளம்பினார்கள். மே 7, 8 தேதிகளில் குழுவின் முன் ஆஜராகி, கோப்பு கோப்பாக விளக்கினார். கேள்வி கேட்டவர்களிடம் பதில் இல்லை. முயற்சி அடங்கியது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன?

இரண்டு பக்கமும் உண்டு. பாஸ்டனில் நீதிபதி ஜார்ஜ் ஆண்டர்சன், ஆட்கொணர்வு மனுக்களை விசாரித்து 1920 ஜூனில் தீர்ப்பு எழுதினார். அரசு அதிகாரிகள் சேர்ந்தாலும், ரவுடிகள் சேர்ந்தாலும், கும்பல் கும்பல்தான் என்று பதிவுசெய்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் ஒரு பகுதியை ஒற்றர்கள் வழியாக அரசே நடத்துகிறது என்றும் சுட்டிக்காட்டினார். மேல்முறையீட்டில் 1922இல் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி மாற்றப்பட்டது. ஆனால் அதற்குள் சோதனைகள் ஓய்ந்திருந்தன. 12 சட்ட அறிஞர்கள் மே மாதம் வெளியிட்ட அறிக்கையும் பெரிய அடியாக விழுந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் அவர்களில் ஒருவர்.

உச்ச நீதிமன்றமோ பேச்சுரிமை வழக்குகளில் அரசின் பக்கமே நின்றது. 1919 மார்ச்சில் போர் எதிர்ப்புத் துண்டறிக்கை பற்றிய ஷென்க் வழக்கு, ஒரு வாரத்தில் சோஷலிஸ்ட் தலைவர் டெப்ஸின் வழக்கு, இரண்டிலும் ஒருமனதாகத் தண்டனை உறுதி. நவம்பரில் ஏப்ரம்ஸ் வழக்கு. ரஷ்யாவுக்குப் படை அனுப்புவதை எதிர்த்து நியூயார்க்கில் ஜன்னல் வழியாகத் துண்டறிக்கை வீசியவர்களுக்கு 20 ஆண்டு வரை தண்டனை. அதில் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய மாற்றுத் தீர்ப்பை நீதிபதி பிராண்டைஸ் மட்டுமே ஆதரித்தார். இன்றைய அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டம் அந்த மாற்றுத் தீர்ப்பிலிருந்துதான் வளர்ந்தது.

எத்தனை பேர் கைது, எத்தனை பேர் நாடு கடத்தப்பட்டார்கள்? எண்கள் ஏன் மாறுகின்றன?

கைது எண்ணிக்கை 3,000 முதல் 10,000 வரை எழுதப்படுகிறது. காரணம், மூன்று வெவ்வேறு விஷயங்களை எண்ணுகிறார்கள்: வாரண்டுகள், உண்மையில் கைதுசெய்து அடைத்தவர்கள், அரங்கிலிருந்து இழுத்துப்போய் ஓரிரவு வைத்துவிட்டு எழுத்தில் பதியாமல் விட்டவர்கள். மூன்றாவது வகைக்குப் பதிவேடே கிடையாது. ஒரு கட்டுரையில் எண்ணைப் பார்த்தால், எதை எண்ணியது என்று பாருங்கள். அதேபோல் ஜனவரி சோதனையையும் நவம்பர் சோதனையையும் சேர்த்த கூட்டுத்தொகையா என்றும் பாருங்கள்.

நாடு கடத்தியவர்கள்: பியுஃபோர்ட்டில் 249, ஜனவரி சோதனைகளின் விளைவாக இறுதியில் 556. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது மிகப் பொதுவான பிழை.

அமெரிக்கக் குடிமக்கள் தப்பினார்களா?

நாடு கடத்தலிலிருந்து தப்பினார்கள், சிறையிலிருந்து இல்லை. மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டன. சிவப்புக் கொடி ஏந்துவதே பல மாநிலங்களில் குற்றமானது. ஐ.டபிள்யூ.டபிள்யூ. அட்டை வைத்திருந்தவர்களைக் கலிபோர்னியா நூற்றுக்கணக்கில் வழக்கில் இழுத்தது. சோதனையில் பிடித்த குடிமக்களை மாநில அரசுகளிடம் ஒப்படைத்தார்கள்.

சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918 ஜூனில் ஒஹையோவின் கான்டன் நகரில் போருக்கு எதிராகப் பேசியதற்கு 10 ஆண்டு தண்டனை பெற்றார். அட்லாண்டா சிறையிலிருந்தே 1920 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 9 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். 1921 கிறிஸ்துமஸ் அன்று குடியரசுத் தலைவர் ஹார்டிங் அவரை விடுவித்தார். நியூயார்க் சட்டமன்றம் முறைப்படி தேர்வான ஐந்து சோஷலிஸ்ட் உறுப்பினர்களை 1920 ஜனவரியில் இடைநீக்கம் செய்து, ஏப்ரலில் வெளியேற்றியது. குடியரசுக் கட்சியின் பெருந்தலைவரான சார்லஸ் எவன்ஸ் ஹியூஸே அதை எதிர்த்தார். செப்டம்பர் இடைத்தேர்தலில் மக்கள் அந்த ஐவரையும் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தியர்கள் யாராவது இதில் சிக்கினார்களா?

ஆம், சற்று முன்பாகவே. அமெரிக்காவில் இருந்தபடி இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் (Ghadar) இயக்கத்தினர் மீதான வழக்கு 1917 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, 1918 ஏப்ரலில் முடிந்தது. குற்றச்சாட்டு, ஜெர்மன் உதவியோடு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு எதிராகச் சதி செய்தது. தாரக்நாத் தாஸ் உள்ளிட்டோர் சிறைசென்றார்கள். கடைசிக் கட்டத்தில் நீதிமன்ற அறையிலேயே இயக்கத் தலைவர் ராம் சந்திராவை உடன் குற்றவாளி ஒருவர் சுட்டுக்கொன்றார். தண்டனை முடிந்தவர்களை இந்தியாவுக்கு நாடு கடத்த முயன்றபோது, அங்கே தூக்குமேடை காத்திருக்கிறது என்று அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் தாராளவாதிகளும் எதிர்த்தார்கள்.

பீதி எப்படி அடங்கியது?

1920 மே 1 அன்று நாடெங்கும் எழுச்சி நடக்கும், தலைவர்களைக் கொல்வார்கள் என்று பால்மரின் துறை எச்சரித்தது. நியூயார்க்கில் 11,000 போலீசாரையும் இரவு பகலாக நிறுத்தினார்கள். எதுவும் நடக்கவில்லை. மறுநாளே பத்திரிகைகளின் தொனி மாறியது. கோடையில் பால்மர் கட்சி வேட்பாளர் தேர்வில் தோற்றார்.

செப்டம்பர் 16 நண்பகலில் வால் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டியில் வைத்த குண்டு வெடித்து 38 பேர் இறந்தார்கள். 1919இன் எல்லாக் குண்டுகளையும்விடப் பெரியது. மோர்கன் வங்கிச் சுவரில் அதன் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. ஆச்சரியம் என்னவென்றால், இதற்குப் பிறகு பெருஞ்சோதனை எதுவும் நடக்கவில்லை. வேலைநிறுத்தங்கள் தோற்று ஓய்ந்திருந்தன, கட்சிகள் தலைமறைவாகிச் சுருங்கியிருந்தன, நீதித் துறையின் பேச்சை நம்ப ஆளில்லை.

சாக்கோ, வான்செட்டி வழக்கு இதன் பகுதியா?

நேரடியாக இல்லை, நிழலாக ஆம். 1920 ஏப்ரல் 15 அன்று தெற்கு பிரெயின்ட்ரீயில் நடந்த கொள்ளை, இரட்டைக் கொலை வழக்கு அது. மே 5 அன்று பிடிபட்ட சாக்கோ, வான்செட்டி என்ற இத்தாலியக் குடியேறிகள் இருவரும் கலியானியைப் பின்பற்றியவர்கள். கைதானபோது பொய் சொன்னார்கள். கொலைக் குற்ற உணர்வால் பொய் சொன்னார்கள் என்றது அரசுத் தரப்பு, நாடு கடத்தலுக்குப் பயந்து சொன்னார்கள் என்றது எதிர்த்தரப்பு. இரண்டு நாள் முன்புதான் அவர்களுடைய தோழர் ஒருவர், நியூயார்க்கில் புலனாய்வாளர்களின் காவலில் இருந்தபோது 14ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். 1927 ஆகஸ்ட் 23 அன்று இருவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று மாசச்சூசெட்ஸ் ஆளுநர் 1977இல் அறிவித்தார்.

அந்தச் சட்டங்கள் இப்போதும் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. 1918 தேசத்துரோகப் பேச்சுத் திருத்தத்தைக் காங்கிரஸ் நீக்கிவிட்டது. 1917 உளவுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சிவப்புக் கொடிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1931இல் தள்ளுபடி செய்தது. வன்முறையை ஆதரித்துப் பேசுவதையே குற்றமாக்கிய மாநிலச் சட்டங்கள் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில்தான் விழுந்தன. உடனடி வன்முறையைத் தூண்டும் பேச்சை மட்டுமே தண்டிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் அளவுகோல். நாடு கடத்தல் தண்டனை அல்ல என்ற 1893 தீர்ப்பு மட்டும் இன்றுவரை மாற்றப்படவில்லை.